ஊக்கம் முந்தும், நாண் பிந்தும்: டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சைக்குப் பின் எடைப் பயிற்சி

டெஸ்டோஸ்டிரோன் ஈடுசெய் சிகிச்சை என்பது, விந்தகங்கள் போதிய அளவு சுரக்காத ஓர் ஆணுக்கு அந்த ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்து, இரத்தத்தில் அதன் அளவை உடல்நலமுள்ள ஆண்களிடம் காணப்படும் வரம்புக்குள் கொண்டுவந்து நிறுத்தும் மருத்துவமாகும். இந்த வரையறையில் எடை முழுவதும் 'நிறுத்தும்' என்ற சொல்லின் மேல்தான் இருக்கிறது. மருத்துவ நூல்களில் தெளிவாக உள்ள இந்த எல்லை உடற்பயிற்சிக் கூடங்களில் மங்கிப்போய்விடுவதால், பற்றாக்குறைக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த ஊசியைப் போட்டுக்கொண்டவர், அதைப் போல ஆறு மடங்கு அளவைத் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொள்ளும் உடற்கட்டுப் போட்டியாளரின் பயிற்சி அட்டவணையைக் கையிலெடுக்கிறார். சில மாதங்களில் தோளிலோ முழங்கையிலோ வலியோடு நிற்கிறார். சிகிச்சை தொடங்கிய பின் பயிற்சியை மாற்றத்தான் வேண்டும். எவ்வளவு, எப்போது, எந்த உறுப்பின் வேகத்துக்கு ஏற்ப என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்ட, அது எல்.எச். என்ற ஹார்மோனை அனுப்பி விந்தகத்தின் லேடிக் செல்களை இயக்க, அச்செல்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. இந்தத் தொடரில் எந்தக் கண்ணி அறுந்தாலும் பற்றாக்குறை வரும்: கூடுதலாக ஓர் எக்ஸ் குரோமோசோமோடு பிறக்கும் கிளைன்ஃபெல்ட்டர் நிலை, புட்டாளம்மைக்குப் பின் விந்தகத்தில் ஏற்படும் அழற்சி, புற்றுநோய்க்கான மருந்துகள் ஆகியவை அடிக்கண்ணியைத் தாக்குகின்றன, பிட்யூட்டரிக் கட்டிகளும் நெடுநாள் எடுக்கும் ஓபியாய்டு வலிநிவாரணிகளும் மேற்கண்ணியைத் தாக்குகின்றன. பருமனற்ற இளம் ஆண்களில் இயல்பு வரம்பு ஒரு டெசிலிட்டர் இரத்தத்துக்கு 264 முதல் 916 நானோகிராம் வரை என்று கணக்கிடப்பட்டுள்ளது. அறிகுறிகளும் இருந்து, காலையில் வெறும் வயிற்றில் வெவ்வேறு நாள்களில் எடுத்த இரண்டு சோதனைகளிலும் அளவு குறைந்திருந்தால் மட்டுமே சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் நிலைப்பாடு.

இந்தத் துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுவதும், அதே அளவுக்குத் தவறாகப் படிக்கப்படுவதுமான ஆய்வு, ஷலேந்தர் பாசினும் அவருடைய குழுவினரும் லாஸ் ஏஞ்சலிஸில் நடத்தி 1996இல் வெளியிட்டது. உடல்நலமுள்ள 43 ஆண்கள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பாதியினருக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஈனந்தேட்டும் மறுபாதியினருக்கு மருந்தற்ற போலி ஊசியும் பத்து வாரங்களுக்குப் போடப்பட்டன. ஒவ்வொரு பாதியிலும் சிலர் எடைப் பயிற்சி செய்தார்கள், சிலர் செய்யவில்லை. கொழுப்பு நீங்கிய உடல் எடை, பயிற்சி மட்டும் செய்தவர்களிடம் ஏறத்தாழ 2 கிலோவும், எந்தப் பயிற்சியும் இல்லாமல் ஊசி மட்டும் போட்டுக்கொண்டவர்களிடம் 3 கிலோவுக்குச் சற்று மேலும், இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களிடம் 6 கிலோவும் கூடியது. இந்த இறுதிக் குழுவினர் பெஞ்ச் பிரஸ்ஸில் 22 கிலோவும் ஸ்குவாட்டில் 38 கிலோவும் கூடுதலாகத் தூக்கினார்கள். மலைக்க வைக்கும் எண்கள்தாம். ஆனால் அவை எந்தக் குறைபாடும் இல்லாதவர்களுக்கு ஈடுசெய் அளவைப் போல ஆறு மடங்கு கொடுத்ததால் வந்தவை.

ஈடுசெய் அளவிலேயே கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கான விடை, அதே பாசின் குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட, அவ்வளவாகப் பேசப்படாத ஆய்வொன்றில் இருக்கிறது. எச்.ஐ.வி. தொற்றால் எடை இழந்து டெஸ்டோஸ்டிரோனும் குறைந்துபோன 61 ஆண்களை அதே போல நான்காகப் பிரித்து, வாரம் 100 மில்லிகிராம் வீதம் பதினாறு வாரங்கள் கொடுத்தபோது, ஊசி மட்டும் போட்டுக்கொண்டவர்களுக்கும் வலிமை கூடியது, பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் கூடியது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கோ, இவற்றில் ஒன்றை மட்டும் செய்தவர்களைவிடக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. நோயுற்றோரைக் கொண்ட சிறிய ஆய்வு என்பதால் இதை எல்லோருக்குமான விதியாகக் கொள்ள முடியாது என்றாலும், பயிற்சி அட்டவணை வகுப்பவர் இவ்விரண்டு ஆய்வுகளில் எதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டால், ஐயமின்றி இரண்டாவதைத்தான் சுட்ட வேண்டும். இந்தச் சிகிச்சை பெறுபவர் அடையக்கூடியது, குறைபாடு இல்லாத சராசரி ஆணின் பயிற்சித் திறனை. அதற்கும் மேலான ஒன்றை அன்று.

தசையில் இந்த ஹார்மோன் செய்யும் வேலை இப்போது ஓரளவு தெளிவாகியுள்ளது. அது தசைச் செல்லுக்குள் நுழைந்து ஆண்ட்ரோஜன் ஏற்பி என்ற புரதத்தோடு இணைய, அந்த இணைப்பு செல்லின் உட்கருவை அடைந்து புரத ஆக்கத்துக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. தசைநார்களின் மேற்பரப்பை ஒட்டி உறங்கிக்கிடக்கும் சாட்டிலைட் செல்கள், அதாவது தசைக்குப் புதிய உட்கருக்களை வழங்கும் இருப்புச் செல்கள், எண்ணிக்கையில் பெருகுகின்றன. 61 இளைஞர்களின் சொந்தச் சுரப்பை மருந்தால் நிறுத்திவிட்டு, வாரம் 25 மில்லிகிராமிலிருந்து 600 மில்லிகிராம் வரை ஐந்து வெவ்வேறு அளவுகளில் இருபது வாரங்கள் கொடுத்துப் பார்த்த 2001ஆம் ஆண்டு ஆய்வில், அளவு ஏற ஏறத் தசையும் வலிமையும் ஏறின. எனினும் தசையின் ஓர் அலகு பருமன் எழுப்பும் விசை மாறவே இல்லை. களைப்பைத் தாங்கும் திறனும் மாறவில்லை. தசை பெரிதானதால் வலிமை வந்ததே தவிர, தசையின் தரம் உயரவில்லை.

எடை தூக்குவதில் தசையின் பருமனோடு நரம்புக்கும் பெரும் பங்கு உண்டு என்பதால் இந்த முடிவு பயிற்சிக்கு முக்கியமானது. எத்தனை தசைநார்களை ஒரே நேரத்தில் இயக்குவது, எதிர்த்தசையை எப்போது தளர்த்துவது, கம்பியை எந்தப் பாதையில் நகர்த்துவது என்பவற்றையெல்லாம் நரம்பு மண்டலம் திரும்பத் திரும்பச் செய்துதான் கற்கிறது; இதை எந்த ஊசியும் கற்றுத்தராது. புரோஸ்டேட் புற்றுநோய்க்காக டெஸ்டோஸ்டிரோனை அறவே ஒடுக்கும் மருந்து எடுப்பவர்கள்கூட எடைப் பயிற்சியால் வலிமை பெறுவது பல ஆய்வுகளில் காட்டப்பட்டுள்ளது. இன்னொரு புறம், டென்மார்க்கில் 2006இல் வெளியான ஆய்வொன்றில், இளைஞர்களின் சுரப்பை மருந்தால் ஒடுக்கி எட்டு வாரங்கள் பயிற்சி கொடுத்தபோது, முழங்காலை நீட்டும் தசையின் வலிமை போலி மருந்துக் குழுவில் உயர்ந்து, ஒடுக்கப்பட்ட குழுவில் அசையாமல் நின்றது. ஆகவே குறைபாடு இருந்த காலத்தில் ஒருவர் செய்த பயிற்சி வீண் அல்ல, ஆனால் அதன் பலன் மட்டுப்பட்டிருந்தது. சிகிச்சைக்குப் பின் அந்த மட்டுப்பாடு விலகுகிறது.

விலகுவது ஒரே நாளில் நடப்பதில்லை, எல்லா உறுப்பிலும் ஒரே வேகத்திலும் நடப்பதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான மதிப்பாய்வு ஒன்றின்படி, பாலுணர்வில் மாற்றம் மூன்று வாரங்களிலேயே தென்படுகிறது; கொழுப்பு குறைவதும் தசையும் வலிமையும் கூடுவதும் 12 முதல் 16 வாரங்களுக்குள் தெரியத் தொடங்கி ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களில் நிலைப்படுகின்றன; சிவப்பணுக்களின் பெருக்கம் மூன்று மாதங்களில் வெளிப்பட்டு ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்களில் உச்சம் தொடுகிறது; எலும்பின் அடர்த்தி ஆறு மாதங்களுக்குப் பிறகே கணக்கில் தெரிந்து மூன்று ஆண்டுகள் வரை உயர்ந்துகொண்டிருக்கிறது. இந்த வரிசையிலேயே ஆபத்து ஒளிந்திருக்கிறது. மனத்தில் எழும் ஊக்கம் முதல் மாதத்திலேயே வந்துவிட, அந்த ஊக்கம் கேட்கும் எடையைத் தாங்க வேண்டிய தசை நான்காம் மாதத்தில்தான் ஆயத்தமாகிறது. முதல் வாரங்களில் எடைகாட்டும் கருவியில் ஏறும் ஒன்றிரண்டு கிலோவும் பெரும்பாலும் உடல் தேக்கிவைக்கும் நீரே. இரட்டை ஆற்றல் எக்ஸ்கதிரால் உடல் கூறுகளைப் பிரித்துக் காட்டும் டெக்ஸா சோதனையும் அந்த நீரைக் கொழுப்பற்ற எடையின் கணக்கிலேயே சேர்த்துவிடுவதால், ஆறாம் வாரத்து அறிக்கையைக் கண்டு மகிழ்வதில் பொருளில்லை.

முதல் மூன்று மாதங்களுக்கான மாற்றம், ஆகவே, வியக்கத்தக்க அளவு சிறியதாக இருக்க வேண்டும். சிகிச்சைக்கு முன் வாரம் மூன்று நாள் பயிற்சி செய்தவர் அதே மூன்று நாளையும், அதே பயிற்சிகளையும், ஏறக்குறைய அதே செட்களையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு செட்டிலும் இன்னும் இரண்டு அல்லது மூன்று முறை தூக்கத் தெம்பு மிச்சமிருக்கும்போதே நிறுத்திக்கொள்வது தகும். முதல் நாளிலிருந்தே எடையையும் எண்ணிக்கையையும் குறிப்பேட்டில் எழுதுவது எந்தச் சிறப்பு நுட்பத்தையும்விடப் பயன் தருவது. ஏனெனில் மருந்தின் அளவு, பயிற்சி, உணவு ஆகிய மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றியவருக்கு, பின்னால் எது பலன் தந்தது, எது தீங்கு செய்தது என்று பிரித்தறிய வழியே இராது. எடை கூட்டும் முறையிலும் புதுமை தேவையில்லை. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களின் முழங்கால்களை மீட்பதற்காகச் சிகாகோவின் கார்டினர் இராணுவ மருத்துவமனையில் தாமஸ் டெலோர்ம் வகுத்து 1945இல் வெளியிட்ட படிப்படியான எதிர்ப்புப் பயிற்சியின் தத்துவமே இன்றும் ஆளுகிறது: உடல் ஒரு சுமைக்குப் பழகியதாகக் காட்டிய பிறகே சுமையைக் கூட்ட வேண்டும். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009இல் அதை எண்ணாக்கி, இலக்கைவிட ஒன்றிரண்டு முறை கூடுதலாகத் தொடர்ந்து இரண்டு பயிற்சி நாள்களில் தூக்க முடிந்தால் எடையை 2 முதல் 10 விழுக்காடு வரை உயர்த்தலாம் என்றது. சிகிச்சையின் முதல் மாதங்களில் இருப்பவர் அந்த வரம்பின் கீழ்நுனியைப் பிடித்துக்கொள்வது நல்லது. எடுத்துக்காட்டாக, 60 கிலோவை எட்டு எட்டு முறையாக மூன்று செட் ஸ்குவாட் செய்பவர், எண்ணிக்கையைப் பன்னிரண்டு வரை வளர்த்துவிட்டு, அதன் பிறகு இரண்டரைக் கிலோ ஏற்றி மீண்டும் எட்டிலிருந்து தொடங்கலாம். மெதுவாகத் தோன்றினாலும் ஓராண்டில் இது ஒதுக்கத்தக்க வளர்ச்சி அன்று.

நான்காம் மாதத்துக்குப் பிறகு நிலைமை மாறுகிறது. பயிற்சிக்கு மறுநாள் தசைவலி விரைவில் தணிவதும், வாரக் கடைசியிலும் எண்ணிக்கை சரியாமல் நிற்பதும் குறிப்பேட்டில் தெரிந்தால், மீளும் திறன் உண்மையாகவே உயர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். அப்போது கூட்ட வேண்டியது முதலில் செட்களை. உச்ச எடையை அல்ல. ஒரு தசைக்கு வாரத்தில் பத்து செட்களோ அதற்கு மேலோ செய்பவர்களிடம் வளர்ச்சி கூடுதலாக இருப்பதை ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. ஆறு செட் செய்துவந்தவர் எட்டுக்கும், சில வாரங்கள் கழித்துப் பத்துக்கும் போகலாம். எல்லாத் தசைக்கும் ஒரே நேரத்தில் கூட்டாமல், பின்தங்கிய ஒன்றிரண்டுக்கு மட்டும் கூட்டினால் மொத்தக் களைப்பு கட்டுக்குள் இருக்கும். நாலைந்து வாரங்களுக்கு ஒரு முறை செட்களைப் பாதியாகக் குறைக்கும் ஓய்வு வாரம், சிகிச்சையில் இருப்பவருக்குத் தேவையில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தசைக்கு வேண்டுமானால் அது தேவைப்படாமல் இருக்கலாம், தசையை எலும்போடு கட்டும் தசைநாணுக்கு அது தேவை.

தசைநாணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதத்தால் ஆன இத்திசுவுக்கு இரத்த ஓட்டம் குறைவு, செல்களும் குறைவு. ஆகவே புதுப்பித்தலும் மந்தம். அது எவ்வளவு மந்தம் என்பதை டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் ஒரு விந்தையான தடயத்தைக் கொண்டு காட்டினார்கள். 1950களிலும் 1960களிலும் வானில் வெடிக்கப்பட்ட அணுகுண்டுகளால் காற்றுமண்டலத்தில் கார்பன்-14 திடீரென உயர்ந்து பின்னர் தணிந்ததால், எந்தத் திசு எந்த ஆண்டில் உருவானது என்பதை அதிலுள்ள கார்பன்-14 அளவைக் கொண்டு கணிக்க முடிகிறது. குதிகால் நாணின் உட்பகுதியை அவ்வாறு அளந்தபோது, அது ஏறத்தாழ பதினேழு வயதுக்குள் உருவாகி, அதற்குப் பிறகு பெரிதாகப் புதுப்பிக்கப்படவே இல்லை என்று தெரிந்தது. நாற்பத்தைந்து வயதில் சிகிச்சை தொடங்கும் ஒருவரின் தசை சில மாதங்களில் தன்னைத் திருத்திக்கொள்ள, அதன் விசையை எலும்புக்குக் கடத்தும் நாணின் நடுப்பகுதியோ அவர் பள்ளி முடித்த காலத்தில் இருந்ததாகவே இருக்கிறது. தேரை இழுக்க ஆள்கள் கூடிவிட்டார்கள், வடம் பழைய வடம்தான். நாண் பயிற்சிக்கு இணங்கவே இணங்காது என்று இதற்குப் பொருளில்லை. சுமை கூடினால் அது மாதக் கணக்கில் மெல்ல விறைப்பேறிக்கொள்கிறது. ஆனால் தசையின் வேகம் அதற்கு வராது.

அந்த இடைவெளி அளவுமீறும்போது என்ன ஆகும் என்பதற்கு, உடற்கட்டுப் பயிற்சியாளர்கள் 142 பேரை ஒப்பிட்டு 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வு சான்றாகிறது: நெடுங்காலம் அனபாலிக் ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 22 விழுக்காட்டினருக்குத் தசைநாண் அறுந்த வரலாறு இருந்தது, எடுக்காதவர்களில் 6 விழுக்காட்டினருக்கே இருந்தது. ஈடுசெய் அளவில் சிகிச்சை பெறுபவர்களுக்கு இந்த எண்ணை அப்படியே பொருத்துவது நேர்மையாகாது. ஆயினும் பாடம் பயன்படும். மேற்கை நாண், மார்பு நாண், தோள்பட்டையைச் சூழ்ந்த நாண்கள் ஆகியவற்றை இழுத்த நிலையில் திடீர் விசைக்கு ஆளாக்கும் அசைவுகளை, அதாவது பெஞ்ச் பிரஸ்ஸில் கம்பியை மார்பில் மோதி எழுப்புவதையும், ஒரு கை மேல்நோக்கியும் மறுகை கீழ்நோக்கியும் பிடித்து உச்ச எடையில் டெட்லிஃப்ட் இழுப்பதையும் முதலாண்டில் தவிர்ப்பதால் இழப்பு ஒன்றுமில்லை. எடையை மூன்று நான்கு விநாடிகளில் மெதுவாக இறக்குவது, குறைந்த எடையில் கூடுதல் எண்ணிக்கை செய்வது ஆகியவை தசைக்குப் போதிய வேலை கொடுத்து நாணையும் காக்கின்றன. பயிற்சி தொடங்கும்போது குத்தி, உடல் சூடேறியதும் மறைந்து, மறுநாள் காலை விறைப்போடு திரும்பும் வலி நாணின் வலி. அது வந்தால் எடையைக் குறைக்க வேண்டும், வலி மாத்திரை போட்டுக்கொண்டு தொடரக் கூடாது.

இரத்தம் இன்னொரு கதை. டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுவதால், இரத்தத்தின் மொத்தக் கனஅளவில் சிவப்பணுக்கள் பிடிக்கும் பங்கான ஹீமடோக்ரிட் உயர்கிறது. இரத்தசோகை இருந்தவருக்கு இது நன்மை. எல்லை மீறினால் இரத்தம் தடித்து ஓட்டம் கடினமாகிறது. ஆஸ்திரேலியாவில் 1007 ஆண்களிடம் நடத்தி 2021இல் வெளியான இரண்டாண்டு ஆய்வில், மருந்து பெற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஹீமடோக்ரிட் 54 விழுக்காட்டைத் தொட்டது அல்லது கடந்தது. வழிகாட்டுதல்களின்படி 54ஐத் தாண்டினால் அது இறங்கும் வரை மருந்தை நிறுத்த வேண்டும். இதனோடு இரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1985இல், ஐந்து உடற்கட்டு வீரர்களின் கைத்தமனிக்குள் நுண்குழாய் செலுத்தி அளந்தபோது, இரு கால்களாலும் லெக் பிரஸ் செய்கையில் அழுத்தம் சராசரியாக 320/250 வரை ஏறியது, ஒருவருக்கு 480/350ஐத் தாண்டியது. மூச்சை அடக்கி வயிற்றை இறுக்கித் தள்ளும் வல்சால்வா முறையே இந்த ஏற்றத்துக்குப் பெரும் காரணம். நலமுள்ள இளைஞரின் குழாய்கள் இந்தச் சில விநாடி உச்சத்தைத் தாங்கிவிடும். ஹீமடோக்ரிட் 50ஐக் கடந்த, அழுத்தமும் சற்று ஏறிய, ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்கு, தூக்கும்போது மூச்சை வெளிவிட்டு, எட்டுக்குக் குறையாத எண்ணிக்கையில் பயிற்சி செய்வது அறிவுடைமை. உரக்கக் குறட்டை விட்டு உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருந்து அது கவனிக்கப்படாமல் இருந்தால் ஹீமடோக்ரிட் மேலும் ஏறும் என்பதையும், கடுமையான நிலையில் அதைச் சரிசெய்யாமல் சிகிச்சையே தொடங்கக் கூடாது என்று வழிகாட்டுதல் கூறுவதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

மருந்தின் வடிவமும் பயிற்சியைச் சிறிது தொடுகிறது. இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை போடும் ஈனந்தேட் ஊசியில் ஹார்மோன் முதல் சில நாள்களில் இயல்பு வரம்பின் மேல்நுனியைத் தொட்டு அல்லது தாண்டி, அடுத்த ஊசிக்கு முன் கீழ்நுனிக்கு இறங்குகிறது. நாள்தோறும் பூசும் ஜெல்லில் இந்த ஏற்றத்தாழ்வு குறைவு. உச்ச நாள்களில் கடும் பயிற்சி, இறக்க நாள்களில் ஓய்வு என்று அட்டவணையை வளைப்பவர்கள் உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. மெக்மாஸ்டரிலேயே 2010இல் வெளியான ஆய்வொன்றில், ஒரே ஆளின் ஒரு கைக்குத் தனியாகவும், மறுகைக்கு ஹார்மோன்களை உயர்த்தும் கால் பயிற்சியோடு சேர்த்தும் பதினைந்து வாரங்கள் பயிற்சி கொடுத்தபோது, இரு கைகளும் ஒன்று போலவே வளர்ந்தன. சிறுபொழுது ஏற்ற இறக்கங்களைத் தசை பொருட்படுத்துவதில்லை, வாரக் கணக்கில் நிலவும் அளவையே அது பார்க்கிறது. நடைமுறையில் கவனிக்க வேண்டியவை வேறு: ஆமணக்கெண்ணெயில் கரைத்துப் புட்டத்தில் நான்கு மில்லிலிட்டர் போடும் அன்டெகனோவேட் ஊசியன்று ஸ்குவாட்டைத் தள்ளிவைப்பது வலியை மிச்சப்படுத்தும்; தோளில் ஜெல் பூசிக்கொண்டவர் அது உறிஞ்சப்படும் முன் வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்தால் மருந்து வீணாவதோடு, படுத்த பலகை வழியாக அடுத்தவர் தோலிலும் ஒட்டக்கூடும். பயிற்சியும் குளியலும் முடித்த பிறகு பூசுவதே எளிய வழி.

இரத்தச் சோதனைக்கு முந்தைய வாரத்தின் பயிற்சி, அறிக்கையைக் குழப்பவல்லது. கடும் எடைப் பயிற்சியால் தசையிலிருந்து கசியும் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. நொதிகள் குறைந்தது ஏழு நாள்கள் உயர்ந்தே இருப்பதை ஸ்வீடன் நாட்டு ஆய்வொன்று 2008இல் காட்டியது. கல்லீரல் கெட்டுவிட்டது என்று மருந்தின் மேல் பழி போட இது போதும். தசை கூடினால் கிரியாட்டினினும் சற்றுக் கூடும் என்பதால் சிறுநீரகத்தைப் பற்றியும் வீண் அச்சம் எழலாம். போதிய நீர் அருந்தாமல் வியர்த்துவிட்டுச் சோதனைக்குச் சென்றால் ஹீமடோக்ரிட் பொய்யாக உயர்ந்து காட்டும். பயிற்சி செய்பவர் என்பதை மருத்துவரிடம் சொல்வதும், சோதனை வாரத்தை ஓய்வு வாரமாக அமைத்துக்கொள்வதும் இந்தச் சிக்கல்களை ஒரே அடியில் தீர்த்துவிடும்.

வயது முதிர்ந்தவர்களிடம் எதிர்பார்ப்பை மேலும் தாழ்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. 65 வயதைக் கடந்து ஹார்மோன் குறைந்த ஏறத்தாழ 790 ஆண்களுக்கு ஓராண்டு ஜெல் கொடுத்த அமெரிக்க ஆய்வுத் தொகுதியில், நடக்கச் சிரமப்பட்டவர்களின் ஆறு நிமிட நடைத்தூரம் குறிப்பிடத்தக்க அளவு மேம்படவில்லை. பாலுணர்வு மிதமாக மேம்பட்டது. எலும்பு அடர்த்தி உயர்ந்தது. அதை நம்பி எலும்பு முறிவு குறையும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, இதயநோய் அல்லது அதற்கான இடர் உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட டிராவர்ஸ் ஆய்வு அதிர்ச்சி தந்தது: இதயத்தைப் பொறுத்தவரை மாரடைப்பும் பக்கவாதமும் போலி மருந்துக் குழுவைவிட மிகவில்லை என்று 2023இல் அறிவித்த அதே ஆய்வு, 2024இல் எலும்பு முறிவு மருந்துக் குழுவில் 3.50 விழுக்காடும் போலி மருந்துக் குழுவில் 2.46 விழுக்காடும் என்று கூறியது. காரணம் இன்னும் நிறுவப்படவில்லை. திரும்பிய ஊக்கத்தால் உடலுழைப்பும் அதோடு விழும் வாய்ப்பும் கூடியிருக்கலாம் என்ற விளக்கம் முன்வைக்கப்படுகிறது. அது சரியெனில், முதியவரின் அட்டவணையில் கம்பியில் ஏற்றும் கூடுதல் தட்டைவிட, ஒற்றைக் காலில் நிற்கும் சமநிலைப் பயிற்சிக்கும், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழும் பயிற்சிக்கும் இடம் அதிகம் வேண்டும்.

உணவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் புரதத்துக்கு மேல் உண்பதால் கூடுதல் தசை சேர்வதாகத் தெரியவில்லை என்பது 2018இல் வெளியான ஆய்வுத் தொகுப்பின் முடிவு. சிகிச்சை பெறுபவருக்குத் தனிக் கணக்கு எதுவும் தேவைப்படவில்லை. சிறுநீரகக் கோளாறு இருப்பவர் இந்த எண்ணையும் மருத்துவரிடம் கேட்டே கொள்ள வேண்டும்.

ஓராண்டு கழிந்து வளர்ச்சி தேங்கும்போது, மருந்தின் அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்பவர்கள் பலர். அந்தத் தேக்கம், குறைபாடில்லாத எந்த ஆணும் ஓராண்டுப் பயிற்சிக்குப் பின் சந்திக்கும் தேக்கமே. அது பயிற்சி வகைகளையும் செட்களையும் மாற்றித் தீர்க்க வேண்டிய ஒன்று. வெளியிலிருந்து வரும் ஹார்மோன் பிட்யூட்டரியை அடக்கி விந்தணு உற்பத்தியை நிறுத்தக்கூடியது. உலக சுகாதார அமைப்பு கருத்தடை முறையாகச் சோதித்து 1990இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 200 மில்லிகிராம் பெற்ற ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு ஆறு மாதங்களுக்குள் விந்தணுவே இல்லாமல் போனது. குழந்தை வேண்டுவோருக்கு இந்தச் சிகிச்சையைத் தொடங்கவே கூடாது என்பதற்கு இதுவே காரணம். பளுதூக்கும் போட்டிகளில், மூத்தோர் பிரிவாக இருந்தாலும், கலந்துகொள்ள எண்ணுவோர் டெஸ்டோஸ்டிரோன் உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமையின் பட்டியலில் எக்காலத்திலும் தடைசெய்யப்பட்ட பொருள் என்பதையும், மருத்துவக் காரணத்துக்கான விலக்கை முன்கூட்டியே பெற வேண்டும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

ஹீமடோக்ரிட் உயர்ந்ததாலோ வேறு காரணத்தாலோ மருந்து சில மாதங்கள் நிறுத்தப்பட்டால், பயிற்சியையும் சேர்த்து நிறுத்த வேண்டியதில்லை. பதினாறு வாரங்கள் பயிற்சி பெற்றவர்களின் பயிற்சி அளவை மூன்றில் ஒன்றாகவும் ஒன்பதில் ஒன்றாகவும் வெட்டி, மேலும் முப்பத்திரண்டு வாரங்கள் தொடரச் செய்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், இளைஞர்கள் தசையின் பருமனையும் வலிமையையும் தக்கவைத்தார்கள். அறுபதைக் கடந்தவர்களிடம் பருமன் குறைந்தாலும் வலிமை பெருமளவு நின்றது. எனவே இடைக்காலத்தில் கம்பியிலுள்ள எடையை ஏறத்தாழ அப்படியே விட்டுவிட்டு, செட்களை மூன்றில் ஒன்றாகக் குறைத்து, வாரம் ஒன்றிரண்டு நாள்கள் பயிற்சி செய்வது போதுமானது. மருந்து மீண்டும் தொடங்கும்போது, நிறுத்திய நாளில் எழுதிய எண்ணிலிருந்து தொடராமல், இடைக்காலத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ள எண்ணிலிருந்து தொடர வேண்டும்.